ஒத்த விசில், ரெட்ட விசில்

சித்த அக்கட்ட நகந்துக்கறீங்களாங்ணா? பைய மடியிலயே வெச்சுக்கறேன், உங்களுக்கு எடைஞ்சல் இருக்காது. திண்டுக்கல்லுங்களா? நானும் திண்டுக்கல்தானுங்க. திருச்செங்கோட்டுல விடியக்காலம் கெளம்பி, கரூர் வந்து இந்த வண்டியப் புடிக்கறதுக்குள்ள உசுரு போயி உசுரு வந்துருச்சு. பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ குடிச்சேன். த்தூ. அது டீயா? கழனித்தண்ணி. இன்னிக்குன்னு வாயில எதுவும் வெளங்க மாட்டேங்குது.

மணி எட்டுங்களா? ஒம்பதரைக்கு நான் அங்க இருக்கோணும். அதா, கண்டக்டரு ரெண்டு விசில் குடுத்துட்டாரு. இனி பறந்துருவான்.

என்ன சோலியா? அட, அதயேன் கேக்கறீங்க. எம்பொண்ணுக்கு டீமு தேடி அலையறேனுங்க. மாப்பிள்ளை தேடறதுகூட சுளுவுங்க, ஜாதகத்தப் பாத்தமா, பொருத்தம் பாத்தமா, முடிஞ்சுது. ஒரு டீமு தேடறது இருக்குதே, நாறப் பொழப்பு. ரெண்டு வருசத்துல நாலு டீமு பாத்துட்டேன். நாலும் நாலு தினுசு. எனக்கு வெறுத்துப் போச்சுங்க.

சாஃப்ட்பாலுங்க. கேள்விப்பட்டதில்லீங்களா? பேருதான் சாஃப்டு, மூஞ்சில பட்டா பல்லு எகிறிரும். கைய ராட்டினமாட்டம் ஒரு சுத்து சுத்தி, இடுப்புக்குக் கீழருந்து வீசோணும். வீசறவதான் பிட்சரு. அவளுக்கு எதுத்தாப்புல ஒருத்தி மட்டையோட நிப்பா. மட்டைக்காரிக்குப் பொறத்தாண்ட ஒருத்தி மூஞ்சில கம்பிக்கூண்டு மாட்டிக்கிட்டு, குத்தவெச்சு உக்காந்து பந்தப் புடிப்பா. அவ கேட்சரு. அவளுக்கும் பொறத்தாண்ட ஒரு கம்பிவலை. அந்த வலைக்கு இந்தப்பக்கம் பெத்தவங்க நாங்க நிப்போம். அவ்வளவுதான் ஆட்டம், இதுக்கு மேல நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்ல.

எம்பொண்ணு சுபிக்ஷா பிட்சருங்க. அவ கையில பந்து இருந்தா பாக்கோணும். நான் சொல்லக்கூடாது, பெத்தவன் சொன்னா கண்ணுபடும். நமக்கு போர்வெல் போடற லாரிக்கு பாடி கட்டற பட்டறை. ஏழாவது படிக்கறப்ப ஒருநாள் பள்ளிக்கொடத்துல இருந்து ஒரு பந்தத் தூக்கிட்டு வந்து, 'அப்பா, எனக்கு வீசிப் பழக ஒரு எடம் வேணும்'னா. பட்டறைக்குப் பின்னால ஒரு தகரத்த நட்டு, சிவப்பு பெயிண்டுல ஒரு சதுரம் வரஞ்சு குடுத்தேன். அன்னிக்கு ஆரம்பிச்சுது. சாயங்காலம் அஞ்சு மணியானா டமால், டமால், டமால். கஸ்டமரு போன் பேச முடியாது. ஏப்பா, பின்னால என்ன இடி இடிக்குதும்பாங்க. எம்பொண்ணுங்கம்பேன்.

சரி, நாயத்துக்கு வர்றேன். மொதல்ல பள்ளிக்கொடத்து டீமு. பி.டி. மாஸ்டர் வின்சென்டுன்னு ஒருத்தரு. ஒம்போது பேரு ஆடற ஆட்டத்துல அவரு டீம்ல ஆறு பேருக்குப் பந்தப் புடிக்கவே தெரியாதுங்க. சர்டிபிகேட்டுக்கு வந்ததுங்க. காலேஜ்ல விளையாட்டு கோட்டாவுல சீட்டு வாங்கோணும், அதுக்கு ஒரு காயிதம் வேணும், அதுக்காகக் கடைசியில கோட்டுக்கிட்ட போயி வெயில்ல நின்னுட்டு வருவாளுக. ஒருத்தி நின்ன எடத்துல நகத்துக்குச் சாயம் பாத்துக்கிட்டிருக்கா, பந்து அவ காலுக்கு எடையில உருண்டு போகுது. ச்சை. அப்பறம் தாளாளரோட தம்பி பொண்ணுதான் அங்க பிட்சரு. என் பொண்ணு தண்ணி பாட்டில் தூக்கறா. விடுவனா நான்? நேரா ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போயி, மேசையில தட்டிக் கேட்டுப்போட்டேன். மறுநா டீம் லிஸ்ட்டுல தண்ணி தூக்கறதுக்குக்கூட அவ பேரு இல்ல. பாத்துக்குங்க இவனுகளோட யோக்கியதைய.

ரெண்டாவது ஈரோட்டுல ஒரு கிளப்பு. பள்ளிக்கொடம் இல்ல, தனியா நடத்தறாங்க. சனி ஞாயிறுன்னா வேன் போட்டுக்கிட்டு கோயமுத்தூரு, மதுரை, சென்னைன்னு எங்க போட்டி இருந்தாலும் போயிருவாங்க. கோச்சு பேரு முரளிகிருஷ்ணன். கறுப்புக்கண்ணாடிய நெத்தில ஏத்தி விட்டுக்கிட்டு, சூயிங்கம் மென்னுக்கிட்டு, பேசறவங்க மூஞ்சியப் பாக்க மாட்டான். அந்த மெல்லற சத்தம் இருக்குதே, இப்ப நெனச்சாலும் எனக்குக் கொமட்டுதுங்க. அங்க பதினாறு வயசுக்குள்ள டீம்ல ஒரு பிட்சரு. என்னையவிட ஒசரம். நானும் ரெண்டு மாசம் பாத்தேன், எனக்கு மனசு ஒப்பல. விசாரிச்சா, காலேஜு ரெண்டாவது வருசம் படிக்குதுங்க அந்தப் பொண்ணு! தங்கச்சி ஆதார் கார்டக் காட்டி ஆடிக்கிட்டிருக்குது. வெக்கக்கேடு. கோயமுத்தூருல அரையிறுதி. ஜெயிக்கற நேரம். நான் நேரா உள்ள போயி, நடுவருகிட்ட போன்ல இருந்த காலேஜ் போட்டோவக் காட்டிப்போட்டேன். மேட்ச நிறுத்தி, டீமயே தூக்கிட்டாங்க.

எந்த டீமா? நம்ம டீமுதானுங்க. பாப்பா, அதான் எம்பொண்ணு, இருந்த டீமுதான். அதனாலென்ன? நாயம்னா நாயந்தானே? அவ போடற எடத்துல எம்பொண்ணு போட்டிருந்தா நான் எதுக்கு வாயத் தொறக்கறேன்? வேன்ல எங்களை ஏத்தலீங்க. பஸ்ஸுலதான் வந்தோம். பாப்பா சன்னலப் பாத்துக்கிட்டே வந்துச்சு. அந்தக் காலேஜுப் பொண்ணுதான் அவளுக்கு வளைவா பந்து போடச் சொல்லிக் குடுத்துதாம். இருந்துட்டுப் போகட்டும், அதுக்காகத் தப்பு சரியாயிருமா?

மூணாவது, சேலம். இதக் கேளுங்க, இங்கதான் எனக்குத் துரோகம் நடந்துது. கோச்சு குணாளன்னு ஒரு ஆளு, சாதுவாத்தான் இருந்தாரு. பாப்பாவைப் பிட்சரா நிறுத்துனாரு. நான் வலைக்குப் பின்னால நிக்கறேன். பாப்பா வீசறப்ப நேரா என்னையப் பாத்துத்தான் வீசோணும், நடுவுல ரெண்டு பேருதானே? எனக்கு மட்டைக்காரி நிக்கற தோரணையப் பாத்தாலே தெரியும், இவளுக்கு வேகமாப் போடோணுமா, மெதுவாப் போட்டு ஏமாத்தோணுமான்னு. ஆனா பாப்பாவுக்கு எப்படிச் சொல்றது? கத்துனா எல்லாருக்கும் கேட்டுரும். மூணு நாளு சோறு எறங்காம யோசிச்சேன். அப்பறம் ஒரு ரகசியம் கண்டுபுடிச்சேன் பாருங்க. பட்டறையில ரெண்டு வெரல வாயில வெச்சு விசிலடிச்சா நாலு தெருவுக்குக் கேக்கும் எனக்கு. அத வெச்சு ஒரு ரகசிய பாஷை. நானும் பாப்பாவும் தவிர உலகத்துல ஒருத்தனுக்கும் தெரியாது. ஒரு விசில்னா மெதுவு. ரெண்டு விசில்னா வேகம்.

என்னங்க சிரிக்கறீங்க?

இல்ல, சிரிச்சீங்க. பாத்தேன். சரி, உடுங்க.

மொத மேட்சு ஜெயிச்சோம். ரெண்டாவதுல இழுபறி. மூணாவது மேட்சுல அந்த எதிர்ப்பார்ட்டிப் பிள்ளைங்க, ஒரு விசில் குடுத்தா ஆற அமரக் காத்திருந்து அடிக்கறாளுக, ரெண்டு விசில் குடுத்தா முன்னாடியே மட்டையத் தூக்கிட்டு நிக்கறாளுக. பத்தொம்பதுக்கு ரெண்டு. தோலுரிச்சு உப்பத் தடவி விட்டாளுக. எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. எவனோ எங்க ரகசியத்த வித்துட்டான்! குணாளனத் தவுத்து வேற யாரு? எல்லாருக்கும் முன்னாடி சட்டையப் புடிச்சேன். அந்தாளு, 'நீங்க விசிலடிக்காம இருந்தாவே போதுமுங்க'ங்கறான். திருடனுக்கு வாயப் பாத்தீங்களா? அந்த விசிலக் கேட்டுட்டு நடுவருகூட சிரிக்கறாரு, எதிர் டீமு அம்மாக்காரி ஒருத்தி 'போலாம் ரைட்'டுங்கறா, எல்லாம் கூட்டுக்களவாணிங்க. பாப்பா வந்து, 'அப்பா, கைய விடுங்கப்பா'ன்னு அழுகுது. அந்தக் குணாளனுக்காக அழுகுதுங்க எம்பொண்ணு!

என்னங்க இது, வண்டி நொண்டுது? ஏனுங்க கண்டக்டரே, என்னாச்சு? பஞ்சரா! அட கெரகமே. இது எந்த ஊரு, அரவக்குறிச்சி தாண்டியாச்சா? மணி எட்டே முக்காலு. இருங்ணா, நான் போயிப் பாக்கறேன். இவனுகளை நம்புனா பொழுது எறங்கிரும்.

ஸ்ஸப்பா. நகருங்க, உக்காந்துக்கறேன். முக்கா மணி நேரம்! பாத்தீங்கல்ல? ஜாக்கிய அங்க வெக்காதீங்கடான்னேன், நான் சொன்ன எடத்துல வெச்சா மண்ணு பொதுபொதுன்னு எறங்கிருச்சு, அதுக்கு நானா பொறுப்பு? மறுபடி மொதல்ல இருந்து தூக்கி... நட்ட இந்தப்பக்கம் சுத்துன்னா டிரைவரு என்னைய மொறைக்கறான். 'அண்ணா, நீங்க ஏறி உக்காந்தீங்கன்னா நாங்க பத்து நிமிசத்துல முடிச்சுருவோம்'ங்கறான். பொறந்ததுல இருந்து லாரியோட கெடக்கறவன் நான். எங்கிட்டயே. உதவிக்கு வந்தவனைக் கேவலப்படுத்தற ஊரு இது. த்தூ.

சரி, எங்க விட்டேன்? நாலாவது. கரூரு. ஜெசிந்தா மிஸ்ஸுன்னு ஒரு அம்மா நடத்துது. உள்ளதச் சொல்லோணும், நாலுல ஒழுங்கான டீமுன்னா அது ஒண்ணுதானுங்க. அஞ்சரைக்கு வரச் சொன்னா அஞ்சரைக்கு அந்தம்மா மைதானத்துல நிக்கும். சர்டிபிகேட்டு பிள்ளைங்க கெடையாது, ஆதார் தில்லாலங்கடி கெடையாது. பாப்பாவும் நல்லாத்தான் இருந்துச்சு. ஊட்டுக்கு வந்தா வாய் ஓயாது. ஆனா அந்தம்மா பண்ணுன அக்கிரமம் இருக்குதே. ஒரு மாசங்கழிச்சுப் போயிப் பாக்கறேன், எம்பொண்ணு மூஞ்சில கம்பிக்கூண்டு! குத்தவெச்சு உக்காந்திருக்கறா! கேட்சரு ஆக்கிப்போட்டாங்க. ராசாத்தியாட்டம் நடுவுல நிக்கறவளை, தவளையாட்டம் ஓரத்துல உக்கார வெச்சா பெத்தவனுக்கு எப்படி இருக்கும்?

கேட்டேன். சும்மா விடுவனா? அந்தம்மா கோவிச்சுக்கவே இல்லீங்க. 'பொங்கியண்ணன் சார், நான் மாத்தல. உங்க பொண்ணாத்தான் வந்து கேட்டா'ங்குது. பச்சப்பொய்யி. நான் ஊட்டுக்கு வந்து பாப்பாவைக் கேட்டேன். 'ஏங்கண்ணு, நீயா கேட்ட?' தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சோத்தப் பெசையுது. எப்படி மெரட்டி வெச்சுருக்கறாங்க பாருங்க.

இதுல எனக்கு என்ன கஷ்டம்னா, கேட்சரு உக்காந்தா முதுகுதானுங்க நமக்குத் தெரியும். வலைக்கு இந்தப்பக்கம் நான், அந்தப்பக்கம் அவ, நாலு முழந்தான் தூரம். ஆனா முதுகு. ஹெல்மெட்டுக்குள்ள என் விசிலு கேட்டுச்சோ கேக்கலியோ, ஒரு தடவகூடத் திரும்பல. மேட்சு மேட்சா அவ முதுகையே பாத்துக்கிட்டு நின்னேன். எனக்கு மனசு ஆறல. அப்ப ஒரு யோசன வந்துச்சு. இந்தப் பக்கம் நின்னாத்தானே முதுகு? மைதானத்துக்கு அந்தக் கடைசிக்குப் போயி, காம்பவுண்டு சுவத்து மேல ஏறி உக்காந்தா நேருக்கு நேரு என் மூஞ்சி தெரியுமில்ல?

போன ஆவணில, பைனலு. கடைசிக் கட்டம். பந்து வருது, மூணாவது மூலையில இருந்து எதிர்ப்பார்ட்டிக்காரி பாப்பா இருக்கற எடத்துக்கு ஓடி வர்றா, பாப்பா பந்தப் புடிச்சு அவளத் தொட்டுட்டா நாம ஜெயிச்சோம். நான் சுவத்து மேல எந்திரிச்சு நின்னு ரெண்டு விசில் குடுத்தேன். பாப்பா தலையத் தூக்குச்சு. என்னையப் பாத்துச்சு. பந்து கிளவுஸுல பட்டு நழுவி உருண்டுருச்சு.

தோத்தாச்சு.

பாப்பா மொதல்ல கூண்டக் கழட்டுச்சு. அப்பறம் கிளவுஸு. அப்பறம் முட்டிக்கு மாட்டற அந்தத் தட்டு. எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி மிஸ்ஸு காலுக்கிட்ட வெச்சுட்டு நடந்து வந்துருச்சு. அழுவல, கத்தல. ஊட்டுக்கு வந்து படிக்க உக்காந்துருச்சு. அன்னையில இருந்து நாலு மாசம் பந்தத் தொடலீங்க. நல்ல பிள்ளைய இப்படிப் பண்ணிப்போட்டாங்க பாருங்க அந்த டீமுக்காரங்க. நானே போயி, இனி எம்பொண்ணு வராதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்த ஜெசிந்தா மிஸ்ஸு, 'சார், அவ வரலாம் சார், நீங்க வராம இருந்தா'ன்னு ஆரம்பிச்சுது. கேக்கறதுக்கு நான் நிக்கல.

உங்களுக்குப் பொண்ணு இருக்குதுங்களா? இருந்தா தெரியும். பட்டறையில வெல்டிங் சத்தம் கேக்குது, கிரைண்டரு சத்தம் கேக்குது, சுத்தியல் சத்தம் கேக்குது. அஞ்சு மணிக்கு அந்தத் தகரச் சத்தம் மட்டும் இல்ல. ஒருநாள் நானே ஒரு பந்தெடுத்து அந்தச் சிவப்புக் கட்டத்துல வீசிப் பாத்தேன். தகரத்துல படவே இல்லீங்க, வேலிக்கு அந்தப்பக்கம் போயி விழுந்துது. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. சொல்றதுக்கென்ன, அழுதுட்டேன்.

இப்ப எதுக்குத் திண்டுக்கல்லுன்னா, இது பாப்பாவே தேடிப் புடிச்ச டீமுங்க. ஹாஸ்டல்லயே தங்கி, அங்கயே படிச்சு, அங்கயே ஆடோணும். எங்கூர்ல இருந்து பாத்த டீமுங்கள்லயே இதுதான் எட்ட. பெத்தவங்க மாசத்துக்கு ஒருக்காத்தான் பாக்கலாம், அதுவும் ஆபீஸ் ரூமுல. மைதானத்துப் பக்கம் கூடாதாம். என்ன சட்டமோ. இன்னிக்குத்தான் ஆளெடுக்கறாங்க, மூணே எடம். பாப்பாவுக்குப் பதினாறு முடியப் போகுது, இத விட்டா அப்பறம் எவனும் சேத்துக்க மாட்டான். நேத்தே அவளும் எங்க ஊட்டுக்காரி பரிமளாவும் கெளம்பிட்டாங்க. பரிமளாவோட அக்கா ஊடு திண்டுக்கல்தான்.

நான் ஏன் கூடப் போகலைங்கறீங்களா? பாப்பா அம்மாகிட்டச் சொல்லியிருக்குது. எங்கிட்ட இல்ல, அம்மாகிட்ட. 'அப்பா வந்தாருன்னா நான் கிளவுஸக் கழட்டி வெச்சுட்டு வந்துருவேன், இனி ஜென்மத்துக்கும் தொட மாட்டேன்'னு. வயசுப்புள்ள, வெக்கம். எல்லாரு முன்னாடியும் அப்பனைப் பாத்தா கூச்சம் வருமில்ல, வேற ஒண்ணுமில்ல. நானும் பெருந்தன்மையா, சரி கண்ணு, பட்டறையில டெலிவரி இருக்குது, நான் வரலைன்னுட்டேன்.

டெலிவரி இல்லீங்க.

ஓரமாத்தான் நிப்பேன். அவ கண்ணுல பட மாட்டேன். விசாரிச்சுட்டேன், மைதானத்துச் சுவரு எட்டடியாம், ஒரு எடத்துல மட்டும் இடிஞ்சிருக்குதாம். விசிலெல்லாம் அடிக்க மாட்டேனுங்க, சத்தியமா. ரொம்ப அவசியம்னா ஒண்ணே ஒண்ணு. அதுவுமில்லாம இந்தா, இந்தப் பையில அவளோட பிட்சர் கிளவுஸு. ஊட்டுல விட்டுட்டுப் போயிட்டா. கேட்சரு கிளவுஸ மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கா, கிறுக்கி. ஒருவேளை பிட்சரா நிக்கச் சொன்னா வெறுங்கையோட நிப்பாளா? கொண்டு போயிக் குடுக்க ஒரு ஆளு வேணுமில்ல?

மணி பத்தேகால். அங்க ஆரம்பிச்சிருப்பாங்க. இந்த டிரைவரு மாட்டுவண்டி ஓட்டப் போகலாம். இது வேடசந்தூருங்களா? இன்னும் அரை மணி நேரம் ஆகுமா? அட சாமி.

இருங்க, போனு. பரிமளாதான். பேசாதீங்க, சித்த கம்முனு இருங்க.

சொல்லு பரிமளா. ஆமா, பட்டறையிலதான் இருக்கேன். எங்க இருப்பேன்? ஹாரனா? ஒரு வண்டிக்கு ஏர் ஹாரன் மாட்டியிருக்குது, அடிச்சுப் பாக்கறானுக. விசிலா? நாந்தான் அடிச்சேன், லாரிய ரிவர்ஸ் எடுக்கறாங்க. நீ அத உடு. பாப்பா என்னாச்சு? ம். ம். எடுத்துட்டாங்களா? சத்தியமா? மொத ஆளாவா? அடி என் தங்கமே! ம். கேட்சராவா? என்னது? என்ன சொன்ன? பிட்சரா நின்னாளா? யாரு நிக்கச் சொன்னது? அவளாவா? ம். ம். கிளவுஸு? ஓ, பக்கத்துல நின்ன புள்ளையோடதா. என்ன கேட்டா? ம். நீ என்ன சொன்ன? ம். சரி. சரி, வேலை இருக்குது, வெச்சுடறேன்.

எடுத்துட்டாங்கங்ணா. எம்பொண்ண மொத ஆளா எடுத்துட்டாங்க.

இருங்க. உங்ககிட்ட தண்ணி இருக்குதுங்களா?

அவ கேட்சருக்குத்தான் பேரு குடுத்திருந்தாளாம். மைதானத்துக்குள்ள போனதும் ஒரு சுத்து திரும்பிப் பாத்தாளாம். வலைப்பக்கம், சுவத்துப்பக்கம், கேட்டுப்பக்கம், எல்லாம் பாத்துட்டு, அம்மாகிட்ட வந்து, 'நெசமாவே அப்பா பட்டறையிலதான் இருக்கறாரா?'ன்னு கேட்டாளாம். ஆமாடி, காலையிலகூட டெலிவரின்னு சொன்னாருன்னு பரிமளா சொல்லியிருக்கறா. உடனே போயி, 'மேடம், நான் பிட்சரு'ன்னுட்டாளாம். பன்னண்டு பந்து. ஒருத்தியும் தொடலியாம். பரிமளா சொல்றா, 'பாப்பா சிரிச்சுக்கிட்டே போட்டுச்சுங்க'ங்கறா.

சிரிச்சுக்கிட்டாம். ரெண்டு வருசம், ஒரு மேட்சு விடாம அவ எதுத்தாப்புலயே நின்னிருக்கறேன். அவ சிரிச்சுக்கிட்டு வீசி நான் பாத்ததே இல்லீங்க.

மத்தியானம் ஒரு பழக்க மேட்சு வெச்சுருக்காங்களாம். பாப்பாதான் போடறாளாம். ரெண்டு மணிக்கு. இப்பப் போனாக்கூடப் புடிச்சுரலாம். தாராளமாப் புடிச்சுரலாம். அந்த இடிஞ்ச சுவரு...

ம்.

ஏனுங்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? கண்டக்டரு ஒரு விசில் குடுத்தா வண்டி என்ன பண்ணும்? மெதுவாகும். நிக்கும். ரெண்டு விசில் குடுத்தா? வேகமாப் போகும். இதுக்குத்தான் அப்பச் சிரிச்சீங்களா? அட, சொல்லியிருக்கலாமில்ல! எவனும் சொல்லலீங்க. அந்த அம்மாக்காரி 'போலாம் ரைட்'டுன்னப்பகூட எனக்கு ஒறைக்கலியே. குணாளன் சட்டையில ரெண்டு பொத்தான் போச்சுங்க அன்னிக்கு. பாப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும். மொத மேட்சுலயே தெரிஞ்சிருக்கும். அப்பறமும் நான் அடிச்ச விசிலுக்குத் தகுந்தாப்புலதானே போட்டுச்சு அது. பத்தொம்பது அடி வாங்குற வரைக்கும், நான் சொன்னபடியே போட்டுச்சு.

ச்சை. மனுசனா நான்.

அந்த டயரு மட்டும் பஞ்சராகலைன்னு வெச்சுக்குங்க, ஒம்பதரைக்கு அந்தச் சுவத்துமேல இருந்திருப்பேன். அந்த டயருக்கு ஒரு மால வாங்கிப் போடோணுமுங்க. டிரைவரத் திட்டிப்போட்டேன், பாவம்.

இல்லீங்ணா, திண்டுக்கல் வரலை. டிக்கெட்டு கெடக்குது, போகட்டும். பட்டறையில இருக்கேன்னுதானே சொல்லியிருக்கறேன்? அப்ப பட்டறையிலதானே இருக்கோணும்? சாயங்காலம் பாப்பா போன் பண்ணும். பின்னால வெல்டிங் சத்தம் கேக்கோணும் அதுக்கு. அஞ்சு மணிக்குள்ள போயிச் சேந்துருவேன்.

இந்தக் கிளவுஸ நீங்க... வேண்டாம், வேண்டாம். எங்கிட்டயே இருக்கட்டும். யாரு கொண்டாந்து குடுத்தாங்கன்னு கேப்பா.

கண்டக்டரே! கண்டக்டரே, சித்த நிறுத்தச் சொல்லுங்க, நான் எறங்கிக்கறேன். இல்லீங்க, ஊரு வரலைன்னு தெரியும். ஒரு விசில் குடுங்க போதும். நான் எறங்குன பொறகு, ரெண்டு.